விண்கப்பலுக்கு ஓர் இசை: அகமதாபாத்தில் உறங்கிக் கிடந்த ஒலிநாடாக்கள்

விண்வெளியில் ஓசை இல்லை. ஒலி பயணிப்பதற்குக் காற்றோ நீரோ வேறேதேனும் ஊடகமோ வேண்டும். அந்த வெற்றிடத்தில் அவை எவையும் இல்லை. பாடசாலையில் பௌதிகவியல் கற்ற எவரும் இதனை அறிவர். ஆயினும், 'விண்வெளி எப்படி ஒலிக்கும்' என்று ஒரு சிறுவனிடம் கேட்டுப் பாருங்கள். நீண்டு இழுபடும் ஒரு முனகலையும், தொலைவில் எதிரொலிக்கும் ஒரு மணியோசையையும், மெல்ல எழுந்து மெல்ல அமுங்கும் ஒரு ரீங்காரத்தையும் அவன் வாயாலேயே எழுப்பிக் காட்டுவான். கணினி விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் கோளரங்குகளிலும் அவன் கேட்டுப் பழகிய ஒலிகள் அவை. இல்லாத ஓர் ஓசையை மனிதர் உட்கார்ந்து இயற்றினர். உலகமும் அதுவே விண்வெளியின் ஓசை என்று நம்பத் தொடங்கியது.

இந்த இயற்றலின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் யப்பானையும் குறிப்பிடுவர். அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது பிராந்தியத்திலும் எழுதப்பட்டது என்பதும், அது அரை நூற்றாண்டுக் காலம் எவராலும் வாசிக்கப்படாமற் கிடந்தது என்பதும் அண்மையிலேயே தெரியவந்தது. அந்த அத்தியாயத்தைப் பற்றியதே இக்கட்டுரை. பொத்துவிலில் இருந்துகொண்டு அகமதாபாத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில் உலகப் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1956ஆம் ஆண்டில் ஹொலிவூட்டில் 'ஃபோர்பிடன் பிளனற்' என்ற விண்வெளித் திரைப்படம் வெளிவந்தது. அதன் பின்னணி ஒலி முழுவதையும் லூயி பரன், பீபி பரன் என்ற தம்பதியர் மின்சுற்றுகளைக் கொண்டே உருவாக்கினர். வயலினோ எக்காளமோ அதில் இல்லை. எனவே அதனை 'இசை' என்று குறிப்பிடுவதா என்பதே பிரச்சினையாயிற்று. ஈற்றில் படத்தின் பெயர்ப் பட்டியலில் 'மின்னணுத் தொனிகள்' என்றே அது குறிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1957இல், சான் பிரான்சிஸ்கோவின் மொரிசன் கோளரங்கில் ஹென்றி ஜேக்கப்ஸ், ஜோர்டன் பெல்சன் ஆகிய இருவரும் 'வோர்ட்டெக்ஸ்' என்ற பெயரில் நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினர். கூரையில் நட்சத்திரங்களும் ஒளிக்கோலங்களும் அசைய, சுற்றிவர வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளிலிருந்து மின்னிசை ஒலித்தது. செயற்கையான வானம் ஒன்றினுள் மனிதரை அமர்த்தி, அந்த வானத்துக்கென ஓர் ஓசையையும் வழங்கும் முயற்சி அது. மெய்நிகர் வெளி என்று இன்று நாம் அழைப்பதன் முன்னோடி என அதனைக் கொள்வதில் தவறில்லை.

1958இல் பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக லெ கோர்பூசியே ஒரு மண்டபத்தை அமைத்தார். அதன் வளைந்த சுவர்களில் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் பதிக்கப்பட்டிருந்தன. எட்கார் வாரேஸ் இயற்றிய எட்டு நிமிட மின்னிசை, அவற்றினூடே பார்வையாளரின் தலைக்கு மேலால் ஊர்ந்து சென்றது. இந்த லெ கோர்பூசியே அகமதாபாத்திலும் கட்டடங்களை வடிவமைத்தவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956இல் இலங்கையில் குடியேறிய ஆதர் சி. கிளார்க், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துக்கு ஒருமுறை சென்றிருந்தபோது, ஐ.பி.எம். கணினி ஒன்று 'டெய்சி பெல்' என்ற பழைய ஆங்கிலப் பாடலைப் பாடுவதைக் கேட்டார். கணினிக்குப் பாடக் கற்றுக்கொடுத்த அந்தப் பரிசோதனை நிகழ்ந்தது 1961இல். கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் இணைந்து உருவாக்கி 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில், ஹால் என்ற கணினி தன் நினைவு மங்கும் வேளையில் அதே பாடலைப் பாடுகிறது. அப்படத்திற்கென எழுதப்பட்ட புதிய இசையைக் குப்ரிக் ஒதுக்கிவிட்டு, ருமேனியாவில் பிறந்த லிகெட்டியின் அடர்ந்த குரலோசைகளையும், வெறும் மூச்சொலியையும், முழு மௌனத்தையும் பயன்படுத்தினார். விண்வெளி எப்படி ஒலிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அக்காலத்தில் கிடைத்த மிகத் துணிச்சலான விடை அதுவே.

பெரிய நகரங்களின் கதைகள் இவை. ஆனால் மின்னொலி என்பது நமது கரையோரக் கிராமங்களுக்கு முற்றிலும் அந்நியமானதாக இருக்கவில்லை. 1925 டிசெம்பரில் கொழும்பில் ஆரம்பமான வானொலி, 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. எனது சிறுபராயத்தில் பொத்துவிலில் வானொலிப் பெட்டி உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரவில் நிலையம் தேடி முள்ளை நகர்த்தும்போது, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஓர் ஊளை எழும். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் அந்த ஊளை உயர்ந்து கீச்சிடும். மறுபுறம் நகர்த்தினால் தாழ்ந்து உறுமும். 'பெட்டிக்குள்ள ஜின் அழுகுது' என்று மூத்தம்மா சொல்வார். பெரியவர்கள் சினந்து முள்ளைத் திருப்புவர். சிறுவர்களாகிய எங்களுக்கோ செய்தியை விடவும் அந்த ஊளையே பிடித்திருந்தது.

அந்த ஊளைக்கு அறிவியல் விளக்கம் உண்டு. ஏறத்தாழ ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, அவற்றின் வேறுபாடு காதுக்குக் கேட்கும் ஒரு சுரமாக வெளிப்படுகிறது. ரஷ்யரான லியோன் தெரெமின் 1920 அளவில் உருவாக்கிய, கையால் தொடாமலே வாசிக்கும் மின்வாத்தியம் இதே தத்துவத்தில் இயங்குவது. அந்தத் தெரெமின் வாத்தியத்தைத் தன் இளமையில் செய்து விற்றவர்தான் அமெரிக்கரான றொபேட் மோக். 1964இல் அவர் தமது பெயரால் அறியப்படும் மின்னிசைத் தொகுப்பியின் முதல் மாதிரியை உருவாக்கினார். அந்த மோக் கருவியே நம் கதையின் நாயகம்.

இனி அகமதாபாத்துக்குச் செல்வோம்.

அந்நகரின் பெரும் நெசவாலை அதிபர் அம்பாலால் சாராபாயின் பிள்ளைகளுள் ஒருவர் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப்படுபவர். அவரது துணைவியாரான நடனமணி மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள். நேதாஜியின் படையில் பெண்கள் படைப்பிரிவை நடத்திய கப்டன் லட்சுமியின் தங்கை. விக்ரமின் உடன்பிறந்தோரான கௌதம், கிரா ஆகிய இருவரும் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தைக் கட்டியெழுப்பியவர்கள். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையின் அடியாக 1961இல் தோன்றிய நிறுவகம் அது. தொடக்க காலத்தில், லெ கோர்பூசியே வடிவமைத்த சன்ஸ்கார் கேந்திராக் கட்டடத்திலேயே அது இயங்கியது.

இன்னொரு சகோதரி கீதா சாராபாய். பக்கவாஜும் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றவர். மேலைத்தேய இசையின் தாக்கம் இந்திய இசையை என்ன செய்யப் போகிறது என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்த இசையை அதன் மண்ணிலேயே அறிய வேண்டும் என்று 1946இல் நியூயோர்க் சென்றார். அங்கே ஜோன் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளர் அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். அதற்குக் கட்டணம் வேண்டாம். பதிலாக எனக்கு இந்திய இசையைக் கற்றுத் தாருங்கள் என்பது ஏற்பாடு. சில மாதங்களே நீடித்த அந்தக் கொடுக்கல் வாங்கல் கேஜின் சிந்தனையையே மாற்றியது. இசை எதற்காக என்ற தம் கேள்விக்கு, மனத்தை அமைதிப்படுத்தி அதனை இறையருளுக்குத் தகுதியாக்குவதற்கே என்று கீதாவின் ஆசிரியர் வழிவந்த விடை கிடைத்ததாகப் பிற்காலத்தில் கேஜ் பலமுறை எழுதினார். மௌனமும் இசையே என்ற நிலைப்பாட்டுக்கு அவர் வந்துசேர்ந்த பாதையில் இதுவும் ஒரு மைல்கல்.

1952 ஓகஸ்டில் நியூயோர்க் மாநிலத்தின் வூட்ஸ்டொக்கில் கேஜின் '4 நிமிடம் 33 விநாடி' அரங்கேறியது. பியானோவின் முன் அமர்ந்தவர் ஒரு சுரத்தைக்கூட வாசிக்கவில்லை. மழையும் காற்றும் இருமலும் முணுமுணுப்புமே அன்று அவையோர் கேட்ட இசை. அன்று பியானோவின் முன் வாளாவிருந்தவர் டேவிட் டியூடர். இவரே 1969இல் மோக் கருவியுடன் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் இந்தியாவின் முதலாவது மின்னிசைக் கலையகத்தை நிறுவியவர். மௌனத்தை அரங்கேற்றிய மனிதரின் கையால், ஓசையே இல்லாத விண்வெளிக்கு ஓசை அமைக்கும் கருவி நமது பிராந்தியத்துக்கு வந்து சேர்ந்தது.

மோக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓரளவு விளக்குவது அவசியம். பழைய தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தின் பலகையை ஒத்தது அது. நிறையத் துளைகள், திருகுகள், ஒரு துளையிலிருந்து மறு துளைக்குச் செருகும் வடங்கள். அலையியற்றி என்ற பகுதி ஒரு சுரத்தை இடைவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குச் செலுத்தப்படும் வோல்ற்றளவை ஒரு வோல்ற்றால் கூட்டினால், சுரம் சரியாக ஒரு ஸ்தாயி உயரும். வடிகட்டி என்ற பகுதி, அந்த ஒலியிலுள்ள கூர்மையைச் சீவி எடுக்கும். மற்றொரு பகுதி, ஒலி எவ்வளவு நேரத்தில் பிறந்து எவ்வளவு நேரத்தில் மடிய வேண்டும் என்று தீர்மானிக்கும். ஓர் அலையியற்றியின் வெளியீட்டை மற்றொன்றின் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கலாம். அப்போது ஒன்று மற்றொன்றை ஆட்டிவைக்கும். விசைப்பலகையை அழுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. வடங்களைச் செருகிவிட்டுக் கைகட்டி நின்றாலும் கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இடைவிடாது ஒலிக்கும் சுரம் என்றதும் மேலைநாட்டவர் வியக்கலாம். தம்பூராவின் சுருதியிலும் நாகஸ்வரத்துக்குத் துணைநிற்கும் ஒத்திலும் வளர்ந்த காதுகளுக்கு அது வியப்பே அல்ல. ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஒலியே நமது இசையின் தரை. அதன் மீதுதான் மற்றவை கட்டப்படுகின்றன. பிரையன் ஈனோ 1978இல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்ற தட்டை வெளியிட்டுச் சூழலிசை என்ற பெயரை நிலைநாட்டினார். கவனித்துக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓர் இடத்தின் காற்றைப் போல நிறைந்திருக்கும் இசை என்பது அதன் இலக்கணம். இந்த இலக்கணத்துக்கு மிக அண்மையில் நிற்பது நமது சுருதிப்பெட்டி.

அகமதாபாத் கலையகத்தில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா முதலானோர் இசையமைத்தனர். டியூடரும் ஒலிநாடாவையும் மோக்கையும் கொண்டு தம் பரிசோதனைகளைப் பதிவுசெய்தார். 1970ஆம் ஆண்டு யப்பானின் ஒசாகாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கான ஒலிப்பதிவும் அங்கு நிகழ்ந்தது. அதே கண்காட்சியில் ஜெர்மனி, ஸ்ரொக்ஹவுசனின் இசைக்காகக் கோள வடிவிலான ஓர் அரங்கையே கட்டியிருந்தது. டியூடரும் அங்கே பெப்சி மண்டபத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு ஒலி அமைத்தவர்களுள் ஒருவர். வெளியையும் ஒலியையும் ஒன்றாக வடிவமைப்பது அக்காலத்தின் பேரார்வமாக இருந்தது.

நமது தலைப்புக்கு உரியவர் மற்றொருவர். ஜின்ராஜ் ஜோஷிபுரா, அந்நாளில் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த இளைஞர். அவர் மோக் கருவியில் இயற்றிய படைப்பின் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. அதாவது, 2001ஆம் ஆண்டின் விண்பயணிகள் கப்பல். குப்ரிக்கின் திரைப்படத்தைப் பெயரே நினைவூட்டுகிறது. இல்லாத ஒரு கப்பலுக்கு, வராத ஒரு காலத்துக்கு அமைக்கப்பட்ட இசை. அதில் பாட்டு இல்லை, தாளக்கட்டு இல்லை. கேட்பவரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் நோக்கம் மட்டுமே உண்டு. கட்டடக்கலை மாணவர் ஒருவர் ஒலியால் ஓர் அறையைக் கட்டிப் பார்த்தார் என்று இதனை நான் விளங்கிக்கொள்கிறேன்.

காலப் பொருத்தத்தைக் கவனியுங்கள். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கினான். 1969 ஓகஸ்ட் 15ஆம் திகதி இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தோற்றம் பெற்றது. அதே ஆண்டில் அகமதாபாத் மின்னிசைக் கலையகம். அண்ணன் விக்ரம் ஏவுகணையையும் செய்மதியையும் பற்றிச் சிந்திக்க, சகோதரர்கள் கட்டிய நிறுவகத்தில் ஓர் இளைஞர் விண்கப்பலின் ஓசையைப் பற்றிச் சிந்தித்தார். இதனைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

'வறிய நாட்டுக்கு இவை எதற்கு' என்ற கேள்வி அன்று எழுந்தது; இன்றும் எழுகிறது. அது நியாயமான கேள்வி. 1963 நவெம்பர் 21ஆம் திகதி, கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ரொக்கெட் எழுந்தபோது, அதற்காக ஒரு மீனவக் கிராமம் தன் நிலத்தை விட்டுக்கொடுத்திருந்தது. புனித மரிய மதலேனாள் தேவாலயமே விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம். அந்த அணியில் இராமேஸ்வரத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் இளைஞர் ஒருவரும் இருந்தார். படகுக்காரர் ஒருவரின் மகனான அப்துல் கலாம். நமது கரையைப் போன்ற ஒரு கரையின் மக்களே அந்தக் கனவுக்கு நிலமும் கொடுத்தனர், ஆளும் கொடுத்தனர். 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையுடன் ஏறத்தாழ 2,400 இந்தியக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி நேரடியாகச் சென்றது. விக்ரம் சாராபாய் அதனைக் காணவில்லை. 1971 டிசெம்பரில் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பரிசோதனையின்போது கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் ஓர் அலைவாங்கித் தட்டை நிறுவினர். செய்மதித் தொடர்பை 1945இலேயே எழுத்தில் முன்மொழிந்தவருக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

ஆகவே, செய்மதிக்குக் கிடைத்த நியாயம் தெளிவானது. அது கிராமத்துக்குப் பாடம் கொண்டு சென்றது. விண்கப்பல் இசைக்கு அத்தகைய பயன் எதனையும் காட்ட முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் எதிர்காலத்தைப் பிறர் வரைந்த படத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த எதிர்காலத்தில் அது விருந்தாளியாக மட்டுமே நுழையும். அகமதாபாத் இளைஞர் ஒருவர், 'எனது விண்கப்பல் இப்படித்தான் ஒலிக்கும்' என்று முடிவு செய்தது அதனாலேயே சிறு விடயம் அன்று.

கலையகத்தின் ஆயுள் குறுகியது. இன்று கிடைக்கும் பதிவுகள் 1969இலிருந்து 1972 வரையானவை. அதன்பின் நாடாக்கள் நிறுவகத்தின் அலுமாரிக்குச் சென்றன. உலகம் அவற்றை மறந்தது. இந்திய மின்னிசையின் தொடக்கத்தைத் தேடியவர்கள் திரையிசையை நோக்கினர். அல்லது பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்த இசைத்தட்டைச் சுட்டிக்காட்டினர். அந்தத் தட்டும்கூட 2010இல் மறுபதிப்பாக வந்த பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது.

பிரித்தானியக் கலைஞரும் இசைஞருமான போல் பேர்கஸ், நிறுவகத்தின் ஆவணத் தொகுப்பில் அந்த நாடாக்களைத் தேடிக் கண்டார். அவற்றைக் கேட்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தார். 2020இல் பி.பி.சி. ரேடியோ 3இல் 'எலக்ட்ரோனிக் இந்தியா' என்ற விவரண நிகழ்ச்சியை வழங்கினார். 2023இல் 'த என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற தொகுப்பு வெளியாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஜோஷிபுராவின் விண்கப்பல் புறப்பட்டது. ஒரு துணைக்கண்டத்தின் இசை வரலாற்றில் பத்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம், ஓர் அலுமாரி திறக்கப்பட்டதனால் திருத்தி எழுதப்பட்டது.

பொத்துவிலுக்கு வருவதாக முன்னர் சொன்னேன். இங்கிருந்து தெற்கே பாணமை, குமண, யால ஆகியவற்றைக் கடந்தால், கிரிந்தைக்கு அப்பால் கடலில் ஒரு பாறைத்தொடர் உண்டு. 'பெரிய பாசஸ்' என்று வரைபடங்கள் அதனைக் குறிக்கும். சிங்கள மக்கள் 'மகா இராவணா கொட்டுவ' என்பர். 1873 முதல் அங்கே வெளிச்சவீடு எரிகிறது. 1961 மார்ச்சில், கிளார்க்கின் நண்பரான மைக் வில்சன் அந்தப் பாறையடியில் சுழியோடியபோது ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார். கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்த வெள்ளி நாணயங்கள் அதில் இருந்தன. அவை அவுரங்கசீப்பின் காலத்தவை. ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டவை. கிறிஸ்தவக் கணக்கில் 1702 அளவு. அவை வார்க்கப்பட்ட இடம் சூரத். அகமதாபாத் அமைந்துள்ள அதே குஜராத்தின் துறைமுக நகரம். அதனை வைத்துக் கிளார்க் 'பெரும்பாறையின் புதையல்' என்ற கருத்துப்படும் தலைப்பில் ஒரு நூலும் எழுதினார்.

குஜராத்தின் வெள்ளி, நமது கரையின் உப்பு நீரில் ஏறத்தாழ 260 ஆண்டுகள் கிடந்தும் அழியவில்லை. அதில் பொறித்த எழுத்தை வாசிக்க முடிந்தது. குஜராத்தின் ஒலிநாடா, உலர்ந்த நாட்டின் அலுமாரியில் ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்ரிக் பட்டையில் பசையால் ஒட்டப்பட்ட இரும்பு ஒட்சைட்டுத் துகள்தான். ஈரப்பதன் ஏறினால் சிலவகை நாடாக்களில் பசை இளகி, நாடா சுருளோடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து ஓடவிட்டால் ஒலியைத் தாங்கிய துகளே உரிந்து வந்துவிடும். அத்தகைய நாடாவை மிதமான சூட்டில் பல மணிநேரம் உலர்த்தி, ஒரு முறை ஓடவிட்டு அதற்குள் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும். கடற்காற்று வீசும் நமது வீடுகளில் ஒரு கசற்றின் ஆயுள் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமது கிழக்குக் கரையும் ஒலி வளம் மிக்கது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பெண்கள் வயலிலும் வீட்டிலும் கட்டிய கவிகள் இருக்கின்றன. பக்கீர் பாவாக்களின் றபான் ஓசை இருக்கிறது. வடக்கே மட்டக்களப்பு வாவியில் பூரணை நிலவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதில் வைத்துப் பாடுமீனைக் கேட்ட தலைமுறை இருந்தது. சூழலிசை என்ற சொல் பிறப்பதற்கு முன்னரே நமது தோணிக்காரன் செய்த காரியம் அது. அந்த நீரடி ஓசையை அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. பேசத்தக்க பதிவுகளுள் ஒன்று அது. பேசப்படாமற் போனவை எத்தனையோ!

நான் கடமையாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில், பேட்டி அச்சேறியதும் அந்த நாடாவிலேயே அடுத்த பேட்டியைப் பதிவதுதான் வழமை. புதிய நாடாவுக்குக் காசில்லை என்பது காரணம். முதிய புலவர்களின் குரல்கள் அவ்வாறே ஒன்றின் மேல் ஒன்றாக அழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நாம் கணக்கு வைத்திருக்கிறோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது நமது கரையோர வீடுகளிலிருந்து எத்தனை நிழற்படங்களும் எத்தனை கசற்றுகளும் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. உயிர்களை எண்ணிய துயரத்தில் குரல்களை எண்ண எவருக்கும் மனம் வரவில்லை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் எஞ்சியவற்றையாவது எண்ணுவதற்கு இப்போது நேரம் உண்டு.

இன்றைய இளைஞர்களுக்கு மோக் கருவி வேண்டியதில்லை. 2003இல் ஐஸ்லாந்திலிருந்து வெளிவந்த 'ஈவ் ஒன்லைன்' என்ற விண்வெளிக் கணினி விளையாட்டுக்கு, யோன் ஹல்லூர் ஹரால்ட்சன் என்பவர் அமைத்த சூழலிசையை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் கேட்டபடி, இல்லாத நட்சத்திரங்களுக்கிடையே பயணித்தனர். ஒரு காலத்தில் கலையகம் நிறைந்திருந்த கருவிகளின் வேலையை இன்று ஒரு மடிக்கணினி செய்துவிடுகிறது. அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரின் கைகளிலும், நமது பிள்ளைகளின் கைகளிலும் அது இருக்கிறது. அதில் ஆயத்தமாக வரும் ஒலிகளைக் கொண்டு விண்வெளிக்கு இசை அமைக்கலாம். வாவியின் அடியிலிருந்தோ, வலை இழுப்போரின் அம்பாவிலிருந்தோ, மூத்தம்மாவின் தாலாட்டிலிருந்தோ எடுத்த ஒலியைக் கொண்டும் அமைக்கலாம். பின்னதற்கு அந்த ஒலி முதலில் எங்கேனும் பதிவாகி இருக்க வேண்டும்.

பெரும் ஆவணக் காப்பகம் கட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை. அது அரசும் பல்கலைக்கழகங்களும் பார்க்க வேண்டிய வேலை. அகமதாபாத் நாடாக்கள் நமக்குச் சொல்வது அதைவிட எளியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஓர் அந்நியர் அவற்றைத் திறந்தபோது, எந்த இசை எவருடையது, அதன் தலைப்பு என்ன என்று அறிய முடிந்தது. இன்று நான் ஜோஷிபுராவின் பெயரை எழுதுகிறேன் என்றால் அதனால்தான். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கசற் கிடந்தால், அது இன்னும் ஓடுமா என்று பார்ப்பதற்கு முன், அதன் உறையில் மூன்று விடயங்களை எழுதி வையுங்கள்: குரல் யாருடையது, எந்த ஊரில் பதிந்தது, எந்த ஆண்டில் பதிந்தது. அதற்கு ஒரு பேனை போதும்.